சர்வீஸுக்குப் போன இடத்தில் வேன் சேற்றில் இறங்கினால் எங்கே கட்டி இழுப்பது?

ஜென்செட்_மெக்கானிக்:

வணக்கம். டீசல் ஜெனரேட்டர் சர்வீஸ் எனக்கு வேலை. பின்சக்கர இழுவை உள்ள மூடிய வேன். பின்னால் எப்போதும் பாரம் இருக்கும்: மாற்றுவதற்கு இரண்டு பெரிய பேட்டரி (ஒவ்வொன்றும் 50 கிலோவை ஒட்டி வரும்), ஆயில் கேன்கள், ஃபில்டர் பெட்டிகள், செயின் பிளாக், டூல் பெட்டி.

போன வாரம் ஒரு பம்ப் ஹவுஸிலிருந்து அவசர அழைப்பு. முந்தின நாள் நல்ல மழை. அதனால் போனிலேயே "வேன் உள்ளே வருமா?" என்று கேட்டேன். "தினமும் வண்டி வந்து போற வழிதான், தைரியமா வாங்க" என்றார்கள். தினமும் வந்து போகும் வண்டி வாட்ச்மேனின் மொபெட் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஜெனரேட்டர் கொட்டகைக்குக் கொஞ்சம் முன்னால் வலது பின்சக்கரம் இறங்கிவிட்டது. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அந்த ஒரு சக்கரம் மட்டும் சுற்றுகிறது. இடது பின்சக்கரம் கெட்டித் தரையில் நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கிறது. அதற்குள் ஆள் கூடிவிட்டார்கள், ஆளுக்கொரு யோசனை. செங்கல்லைத் திணித்தார்கள், அது போன இடம் தெரியவில்லை. பிறகு ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டியவர் இரும்புச் சங்கிலியை எடுத்துக்கொண்டு நேராகப் பின் ஆக்ஸிலில் சுற்றப் போனார். வேண்டாம் என்றேன். அப்படியானால் பம்பரில் கட்டலாம் என்றார். அதற்கும் வேண்டாம் என்றேன். "உங்களுக்கு வண்டி வெளியே வரணுமா வேண்டாமா?" என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கடைசியில் என்னிடம் இருந்த பட்டைக் கயிற்றை வேனின் பின்பக்க இழுவைக் கொக்கியில் மாட்டி, வந்த தடத்திலேயே பின்னோக்கி மெதுவாக இழுத்தோம். வந்துவிட்டது. (ஜெனரேட்டரில் இன்ஜினை நிறுத்துவதற்கான மின்காந்தப் பாகம், ஸ்டாப் சோலினாய்டு, போயிருந்தது. அதைச் சரிசெய்ய ஆன நேரம் வேனை எடுக்க ஆன நேரத்தில் பாதிகூட இல்லை.)

இப்போது கேள்வி. ஆக்ஸிலிலோ பம்பரிலோ கட்ட விடாதது சரிதானா, இல்லை வீண் பயமா? பாரம் முழுக்கப் பின்னால் இருந்தும் ஏன் ஒற்றைச் சக்கரம் மட்டும் சுற்றியது? டூல் வைக்கவே இடம் போதாத வேனில் இதற்காக என்னென்ன வைத்துக்கொள்ளலாம்? இன்னொன்று, அன்றிலிருந்து 60-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. இழுத்ததில் ஏதாவது வளைந்திருக்குமோ?


பத்துச்சக்கரம்:

தம்பி, ஒற்றைச் சக்கரம் சுற்றினதுக்குக் காரணம் டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்சக்கரம் குறைவாக ஓடணும். அதுக்காக வைத்த அமைப்பு அது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். சேற்றில் இருக்கிற சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லை, சுற்ற ரொம்பக் கொஞ்ச விசை போதும். அதே கொஞ்ச விசைதான் கெட்டித் தரையில் நிற்கிற சக்கரத்துக்கும் போகும். அதை வைத்து பாரம் ஏற்றின வேனை நகர்த்த முடியுமா?

லாரியில் டிஃப் லாக் இருக்கு, பட்டனைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து சுற்றும். உங்க வேனில் இருக்காது. கை பிரேக்கைப் பாதி இழுத்துப் பிடித்து, இரண்டாவது கியரில் மெதுவாகக் கிளட்சை விட்டுப் பாருங்க. சும்மா சுற்றுகிற சக்கரத்துக்கு பிரேக் ஒரு தடை கொடுக்கும், அதனால் கெட்டித் தரையில் இருக்கிற மறுபக்கத்துக்கும் கொஞ்சம் விசை போகும். சிலநேரம் வண்டி அதிலேயே ஏறி வந்துடும். ரொம்ப நேரம் செய்யாதீங்க, கிளட்ச் வாசனை வந்தால் அதோட நிறுத்திடணும்.


கேபிள்_ஜாயின்ட்:

கை பிரேக் யோசனை பின்சக்கர இழுவை வண்டிக்குத்தான். என் வேன் முன்சக்கர இழுவை. அதில் கை பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. இழுத்தால் வண்டியை நானே பிடித்து நிறுத்திக்கொள்கிற கதைதான்.

புது வேன்களில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருந்தால் அதையும் கவனியுங்கள். சக்கரம் வழுக்கியதும் அது இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும், ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வண்டி முனகும். பலர் உடனே பட்டனை அணைத்துவிடுவார்கள். ஆனால் பல வண்டிகளில் அதே அமைப்பு வழுக்குகிற சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு, மறுபக்கத்துக்கு விசையைத் திருப்பும். பத்துச்சக்கரம் கை பிரேக்கால் செய்யச் சொன்னதையே இது தானாகச் செய்கிறது. அதனால் முதலில் அணைக்காமல் மெதுவாக முயற்சி, அப்புறம் அணைத்து ஒரு முயற்சி.


மீட்பு_வண்டி:

நான் பழுதான, கவிழ்ந்த, புதைந்த வண்டிகளை எடுக்கிற வேலையில் இருக்கிறேன். ஜென்செட் சார், டிராக்டர்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நீங்கள் செய்தது சரி.

பம்பர் என்பது உள்ளே ஒரு தகடு, வெளியே பிளாஸ்டிக். அதில் கட்டினால் பம்பர் மட்டும் டிராக்டரோடு போகும். பின் ஆக்ஸிலில் சங்கிலி சுற்றினால் பிரேக் குழாய், ஏபிஎஸ் ஒயர் நசுங்கும். அதைக் கவனிக்காமல் சாலையில் ஏறினால் சேற்றை விடப் பெரிய ஆபத்து. இழுக்க வேண்டிய இடம் சேசிஸோடு சேர்ந்த கொக்கி மட்டும்தான். சில வேன்களில் அது திருகி மாட்டுகிற கண்ணியாக டூல் பையில் இருக்கும். பலவற்றில் அதன் மரை இடதுபக்கமாகத் திருகினால்தான் ஏறும். கடைசி மரை வரை ஏற்ற வேண்டும், பாதியில் நின்றால் வளைந்துவிடும். அந்தக் கண்ணியே சாலையில் உருண்டு வருகிற வண்டியை இழுப்பதற்குக் கொடுத்தது. சேற்றில் புதைந்த வண்டியை வெட்டி இழுக்க அல்ல. அதனால் நேர்க்கோட்டில், மெதுவாக மட்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், புதைந்த வண்டியை எடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதை எல்லோரும் குறைத்தே எடைபோடுகிறார்கள். ராணுவ வாகன மீட்பில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. சக்கர ஆழத்துக்குப் புதைந்திருந்தால் வண்டியின் மொத்த எடை அளவுக்கு இழுவிசை வேண்டும். சக்கரத்துக்கு மேலே மட்கார்டு வரை புதைந்திருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. உங்கள் வேன் பாரத்தோடு 3 டன் என்று வையுங்கள். சக்கரம் முழுக்க இறங்கியிருந்தால் கயிற்றில் 3 டன், இன்னும் இறங்கினால் 6 டன். இதில் டிராக்டர் வெடுக்கென்று இழுத்தால் அதிர்ச்சிச் சுமை வேறு. இரும்புச் சங்கிலி நீளாது, அத்தனை அதிர்ச்சியும் கொக்கியில் இறங்கும். எது பலவீனமோ அது தெறித்துப் பறக்கும்.

டிரெய்லர் மாட்டுகிற உருண்டைக் குண்டில் மட்டும் எந்தக் காலத்திலும் கட்டி இழுக்காதீர்கள். அது உடைந்து கண்ணாடியைத் துளைத்துப் போய் ஆள் இறந்த சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன. கயிறு இறுகும்போது அதன் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை விரட்டுவதுதான் என் வேலையில் பாதி. கயிற்றின் நடுவில் ஒரு கனமான சாக்கையோ ஈரப் போர்வையையோ போடுங்கள், அறுந்தாலும் வேகம் குறையும்.

அப்புறம், இழுக்கும் முன்னால் மண்வெட்டி. இதை யாரும் செய்ய விரும்புவதில்லை. வண்டியை எந்தப் பக்கம் எடுக்கப் போகிறீர்களோ அந்தப் பக்கம் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் சரிவாக வெட்டுங்கள். வண்டியின் வயிறு மண்ணில் உட்கார்ந்திருந்தால் அடியில் இருப்பதையும் வழித்து எடுங்கள். அரை மணி நேரம் வெட்டினால் தேவைப்படும் விசை பெரிதாகக் குறைந்துவிடும். பேட்டரியையும் ஆயில் கேனையும் இறக்கி வையுங்கள். சேறு சைலன்சர் வாயை அடைத்திருந்தால் முதலில் அதை எடுங்கள். அடைத்த நிலையில் இன்ஜினை ஓடவிட்டுக் கொண்டு யாரும் உள்ளே உட்காரக் கூடாது, கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் ஏறும்.


ஜென்செட்_மெக்கானிக்:

நன்றி சார். பாரம் பின்னால் இருந்தால் பிடிப்பு அதிகம், இறக்கக் கூடாது என்று அங்கே ஒருவர் அடித்துச் சொன்னார். டயரில் காற்றைப் பாதியாகக் குறை என்றும் சொன்னார்கள். இதெல்லாம் உண்மையா?


மீட்பு_வண்டி:

வழுக்குகிற கெட்டித் தரையில் பாரம் உதவும். புதைகிற மண்ணில் பாரம் புதைக்கும். ஒருமுறை இறங்கிவிட்ட பிறகு இறக்கி வைப்பதுதான் நல்லது. காற்றுக் குறைப்பது நன்றாகவே வேலை செய்யும். டயர் நீளமாகத் தரையில் படியும், எடை பரவும்.


பத்துச்சக்கரம்:

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மணலில் காற்றைக் குறைக்கலாம், அது வேறு. ஒட்டுகிற களிமண்ணில் டயர் பட்டன் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு டயரே வழவழன்னு ஆயிடும். எவ்வளவு அகலமாகப் படிந்தாலும் பிடிப்பு கிடையாது. மேலே அரை அடி சகதி, கீழே கெட்டித் தரை என்றால் காற்று நிறைய இருக்கிற டயர்தான் சகதியை அறுத்துக் கீழே போய்ப் பிடிக்கும். தவிர, பாரத்தோட இருக்கிற வேன் டயரில் காற்றை 20 பவுண்டுக்குக் கீழே இறக்கி ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுடும். அதுக்கப்புறம் அந்தச் சேற்றில் ஜாக்கி போடணும்!


மீட்பு_வண்டி:

கீழே கெட்டித் தரை இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால் நீங்கள் சொல்வது சரி. தெரியாத இடத்தில் 30 வரைக்கும் இறக்கிப் பார்ப்பேன், அதற்குக் கீழே போக மாட்டேன். வேனில் 12 வோல்ட் காற்று பம்ப் இல்லையென்றால் காற்றில் கையே வைக்க வேண்டாம். குறைந்த காற்றோடு, பாரத்தோடு சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.


குழாய்_வேலை:

நான் கழிவுநீர்க் குழாய் அடைப்பு எடுக்கிறவன், தண்ணீர் டேங்கோடு வேன் ஓட்டுகிறேன். எடுப்பதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். நான் இறங்காமல் இருப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

"நான் நடந்து பார்த்தேன், தரை கெட்டியா இருந்துச்சு" என்பது ஒன்றுக்கும் உதவாது. 70 கிலோ ஆள் இரண்டு காலில் நின்றால் சதுர அங்குலத்துக்குச் சுமார் 3 பவுண்டுதான் அழுத்துகிறார். வேன் டயர் தரையை அழுத்துவது கிட்டத்தட்ட அதன் காற்றழுத்த அளவுக்கு, அதாவது 50, 60 பவுண்டு. அதனால் ஒற்றைக் குதிகாலில் முழு எடையையும் போட்டு அழுத்திப் பார்ப்பேன். அதுவே டயர் அழுத்தத்தில் பாதிதான் வரும். அதற்கே குழி விழுந்தால் வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு டூலைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றையும் குத்திப் பார்ப்பேன். மேலே கெட்டி, இரண்டு அங்குலத்துக்குக் கீழே வெண்ணெய் என்று இருக்கும் இடங்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

முக்கியமாக, புல் நீளவாக்கில் ஒரு கோடாக மட்டும் பச்சையாகவோ, மண் லேசாகப் பள்ளமாகவோ இருந்தால் அது குழாயோ கேபிளோ புதைத்து மூடிய வாய்க்கால். மூடிய மண்ணை யாரும் ஒழுங்காக இடித்துக் கெட்டிப்படுத்துவதில்லை. வருடங்கள் ஆனாலும் மழையில் அது உள்வாங்கும். உங்கள் வலது சக்கரம் மட்டும் இறங்கியதைப் பார்த்தால், கொட்டகைக்குப் போகும் கேபிள் அதன் கீழேதான் இருக்கும் என்று தோன்றுகிறது. செப்டிக் டேங்க் மூடி என்றால் சக்கரம் இறங்குவதோடு போகாது, வேனே உள்ளே போகும்.

மொபெட் விஷயம் எனக்கும் நடந்திருக்கிறது. இப்போதெல்லாம் "வண்டி வருமா" என்று கேட்பதில்லை. "கடைசியா லாரி எப்போ உள்ளே வந்துச்சு?" என்று கேட்கிறேன்.

ஸ்டியரிங் நடுக்கத்துக்கு எதையும் கழற்றும் முன்னால் நாலு சக்கரத்தின் உள்பக்கத்தையும் பாருங்கள். ரிம்முக்குள்ளே சேறு ஒட்டிக் காய்ந்திருக்கும். எடை ஒரு பக்கமாகச் சேர்ந்து சக்கரம் பேலன்ஸ் தவறும்.


ஜென்செட்_மெக்கானிக்:

குழாய்_வேலை அண்ணே, அங்கே கேபிள் ஓடுகிறது என்பது உண்மைதான். கொட்டகையிலிருந்து பேனலுக்குப் போகும் மெயின் கேபிளே அந்தத் தடத்தின் கீழேதான் போகிறது. சர்வீஸுக்குப் போன எனக்கே அது வரைபடத்தில் தெரிந்த விஷயம், தரையைப் பார்க்கும்போது தோன்றவில்லை.

முன்சக்கரங்களின் உள்பக்கம் ஸ்க்ரூடிரைவரால் குத்தி எடுக்கிற அளவுக்கு மண் காய்ந்திருந்தது. பிரஷர் வாஷ் அடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. பின் பிரேக் டிரம்மையும் கழற்றிக் கழுவினேன், ஒரு பக்கம் சேறு உள்ளேயே போயிருந்தது.

மடக்கு மண்வெட்டி, முக்கால் அங்குல பிளைவுட் துண்டு இரண்டு (ஜாக்கிக்கு அடியில் போடவும் ஆகும்), காற்று பம்ப், பட்டைக் கயிறு. இவ்வளவுக்கு இடம் ஒதுக்கிவிட்டேன். கயிற்றைக் கொக்கியில் மாட்ட ஷேக்கிள் (குறுக்கே பின் திருகி மூடுகிற இரும்பு வளையம்) வாங்க வேண்டும். கடையில் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது. எதைப் பார்த்து வாங்குவது?


மீட்பு_வண்டி:

உடம்பிலேயே பாதுகாப்பான சுமை அளவு அச்சடித்திருக்க வேண்டும். 3.25 டன், 4.75 டன் என்று வரும், உங்கள் வேனுக்கு 4.75 எடுங்கள். வில் வடிவத்தில் அகலமானது வாங்கினால் பட்டைக் கயிறு நசுங்காமல் உட்காரும். பின்னை முழுக்கத் திருகிவிட்டுக் கால் சுற்று பின்னால் விடுங்கள், இல்லையென்றால் இழுத்த பிறகு சிக்கிக்கொண்டு கழற்ற வராது. பிளைவுட்டைச் சக்கரத்துக்கு அடியில் போட்டு எடுக்கும்போது அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது, டயர் அதை வீசி எறியும். அளவு அச்சடிக்காத ஷேக்கிள் ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதைக் கொட்டகைக் கதவில் பூட்டு மாட்ட வைத்துக்கொள்ளுங்கள்.