டோக்கியோ லைவ் ஹவுஸ்: ஜப்பான் போன் நம்பர் இல்லாமல் எப்படிப் போவது?

தவில்காது:
நவம்பரில் பத்து நாள் டோக்கியோவில் இருப்பேன். ஷிமோகிதசாவா பகுதியின் லைவ் ஹவுஸ்களில் (நேரடி இசை நடக்கும் சின்ன அரங்குகள்) சின்ன இண்டி பேண்டுகளையும், முடிந்தால் விடியவிடிய நடக்கும் எலக்ட்ரானிக் நிகழ்ச்சி ஒன்றையும் கேட்க ஆசை. டிக்கெட் தளங்களில் ஜப்பான் மொபைல் நம்பர் கேட்கிறார்கள். வேறு வழி உண்டா? "2,500 யென் + 1 டிரிங்க்" என்று போஸ்டரில் இருக்கிறதே, மது குடிக்காதவர்களும் கட்ட வேண்டுமா?

சைன்வேவ்:
ஷிமோகிதசாவாவில் இருக்கும் ஷெல்டர், பேஸ்மெண்ட் பார், த்ரீ போன்ற சின்ன லைவ் ஹவுஸ்களுக்குப் பெரும்பாலும் டிக்கெட் தளமே தேவைப்படாது. "தோரியோகி" என்று ஒரு வழக்கம் உண்டு. கடைக்காரரிடம் "எடுத்து வையுங்கள்" என்று சொல்கிறோமே, அதேதான். பேண்டின் எக்ஸ் அல்லது இன்ஸ்டாகிராம் கணக்குக்குத் தேதி, இடம், பெயர், எத்தனை பேர் என்ற நான்கையும் எழுதி, முந்தின நாளுக்குள் அனுப்புங்கள். பணம் வாசலில்தான், ஆனால் முன்பதிவு விலையே. சும்மா போய் நின்றால் பெரும்பாலும் 500 யென் கூடும்.

பெயரைச் சுருக்கிக் கொடுங்கள். சிவசுப்பிரமணியன் என்று முழுதாகக் கொடுத்தால், வெளிநாட்டுப் பெயர்களை ஜப்பானியர் எழுதும் கதகானா எழுத்தில் அது எப்படியெல்லாமோ மாறிவிடும், வாசலில் இருப்பவரால் பட்டியலில் கண்டுபிடிக்க முடியாது. "சிவா" போதும்.

போக முடியாவிட்டால் தயவுசெய்து ஒரு வரி எழுதிவிடுங்கள். பல இடங்களில் பேண்டுக்கு "நோருமா" உண்டு: இத்தனை டிக்கெட் விற்றாக வேண்டும், குறைந்தால் அவர்கள் கைக்காசு போகும்.

டிரிங்க் காசு எல்லோருக்கும் உண்டு. லைவ் ஹவுஸ்கள் பெரும்பாலும் அரங்கமாக அல்ல, உணவகமாக உரிமம் வாங்கியவை. அதனால்தான் ஆளுக்கொரு பானம். இப்போது 600 யென் சாதாரணம். ஊலாங் டீ, ஜிஞ்சர் ஏல் வாங்கிக்கொள்ளலாம். டிக்கெட் முன்பே வாங்கியிருந்தாலும் இதை வாசலில் தனியாகக் கட்ட வேண்டும். ஆயிரம் யென் நோட்டும் நூறு யென் காசும் கையில் இருக்கட்டும், லாக்கருக்கும் காசுதான்.

கீழ்த்தளம்:
ஒன்று சேர்க்கிறேன். எண் போட்ட டிக்கெட் வைத்திருப்பவர்களை வரிசை எண்படி கூப்பிட்டு உள்ளே விடுவார்கள், தோரியோகிக்காரர்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். முன்வரிசை வேண்டுமென்றால் இதை யோசியுங்கள்.

ஆனால் சின்ன அறையில் முன்வரிசை நல்ல இடமும் அல்ல. கிட்டார் சத்தம் மேடையில் இருக்கும் ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து நேராக வரும், பாட்டோ இருபுறமும் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும். மேடையை ஒட்டி நின்றால் குரல் அமுங்கிவிடும். பின்னால் மிக்ஸர் மேசைக்கு முன்னே நில்லுங்கள், சத்தத்தைச் சரிசெய்வதே அங்கிருந்து கேட்டுத்தான். ஷிபுயாவில் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ (WWW) என்ற லைவ் ஹவுஸ் முன்பு சினிமா தியேட்டர், தரை படிபடியாக இருப்பதால் பின்னால் நின்றாலும் மறைக்காது. சத்தத்துக்குக் காதடைப்பான் வைப்பதென்றால், பஞ்சு வகை மேல்சுருதியைத்தான் அதிகம் விழுங்கும், ஃபில்டர் வைத்தது வாங்குங்கள்.

நாலைந்து பேண்டுகள் சேர்ந்து வாசிக்கும் "தைபான்" என்றால் ஒரு பேண்டுக்குச் சுமார் 30 நிமிடம், இடையில் 10, 15 நிமிடம் மேடை மாற்றம். வெளியே போனால் திரும்ப விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் இன்னொரு டிரிங்க் காசு கேட்பார்கள்.

விடிகாலைரயில்:
இரவு நிகழ்ச்சிக்கு அசல் பாஸ்போர்ட் கட்டாயம். 20 வயது ஆகாதவர்களை விடமாட்டார்கள், போனில் இருக்கும் படத்தையோ நகலையோ நம்பிப் போகாதீர்கள். கடைசி ரயில் 12-க்கும் 1-க்கும் நடுவில் போய்விடும், முதல் ரயில் ஐந்து மணிவாக்கில். நடுவில் கிளம்பினால் டாக்ஸிதான். ஹதகாயாவில் ஃபாரஸ்ட்லிமிட், அகிஹபராவில் மோக்ரா என்ற இரண்டு கிளப்களின் நிகழ்ச்சி நிரலையும் பாருங்கள். முதலாவது சின்ன அறை, அதன் ஒலி அமைப்புக்காகவே போகலாம். மோக்ராவில் அனிமே பாட்டும் நெட்லேபிள் (இணையத்தில் மட்டுமே வெளியிடும் சின்ன வெளியீட்டாளர்கள்) இசையும் கலந்து வரும்.

தவில்காது:
மிக்க நன்றி. வாசலில் "யாரைப் பார்க்க வந்தீர்கள்" என்று கேட்பார்களாமே, எல்லோரையும் என்று சொல்லலாமா?

சைன்வேவ்:
சொல்லலாம், ஆனால் அப்போது உங்கள் டிக்கெட் எந்த பேண்டின் கணக்கிலும் ஏறாது. நோருமாவுக்கு மேல் விற்றதில் பேண்டுக்குப் பங்கு உண்டு என்பதால்தான் அந்தக் கேள்வி. ஒரே ஒரு பாட்டு கேட்டுப் பிடித்த பேண்டாக இருந்தாலும் அதன் பெயரைச் சொல்லுங்கள்.