டிசம்பர் லண்டன்: ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் சரியா?

மயிலைக்குளம்:
டிசம்பர் 20 முதல் 28 வரை லண்டன். நாங்கள் இருவர், அம்மா (முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம்), 9 வயது மகள். தங்குவது லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் பக்கம். ஞாயிறு காலை வெஸ்ட்மின்ஸ்டர் அபே, பிறகு செயின்ட் பால்ஸ். மாலை 5 மணிக்கு மேல் ஆக்ஸ்போர்ட் ஸ்ட்ரீட்டில் ஷாப்பிங். 25ஆம் தேதி கிரீனிச். வாங்கும் பொருளுக்கு வரியைத் திரும்பப் பெற ஏர்போர்ட்டில் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? பட்டியலில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

தேம்ஸ்கரை:
ஞாயிற்றுக்கிழமையை அப்படியே கலைத்துப் போடுங்கள். அபேயும் செயின்ட் பால்ஸும் ஞாயிறு வழிபாட்டுக்கு மட்டும்தான். சுற்றிப்பார்க்க டிக்கெட் கிடையாது. வழிபாட்டில் இலவசமாக உட்காரலாம், ஆனால் உள்ளே நடமாடவோ படம் எடுக்கவோ முடியாது. இரண்டையும் வாரநாளுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது கடை நேரம். இங்கிலாந்தில் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை, ஞாயிறன்று காலை 10 முதல் மாலை 6 வரைக்குள் தொடர்ச்சியாக 6 மணி நேரம்தான் வியாபாரம் செய்யலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டம். ஆக்ஸ்போர்ட் ஸ்ட்ரீட்டின் பெரிய கடைகளில் பெரும்பாலானவை 12 முதல் 6 வரை என்று வைத்திருக்கின்றன. சிலவற்றில் 11.30க்கே கதவு திறக்கும்; பொருளை எடுத்து வைத்துக்கொள்ளலாம், பில் மட்டும் 12 மணிக்குத்தான். நீங்கள் 5 மணிக்குப் போனால் ட்ரையல் ரூம் வரிசையிலேயே கடை அடைத்துவிடும். ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

25ஆம் தேதி டியூப் (சுரங்க ரயில்), பஸ், ரயில் எதுவும் ஓடாது. கிரீனிச்சை வேறு நாளுக்குத் தள்ளுங்கள். பிரிட்டிஷ் மியூசியமும் நேஷனல் கேலரியும் 24, 25, 26 மூன்று நாளும் மூடல். 25 அன்று நீங்கள் தங்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் பிரிக் லேன் இருக்கிறது, வங்காளதேச உணவகங்கள் சில திறந்திருக்கும்.

வரிப் படிவத்துக்கு நேரமே வேண்டாம். சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு 1-1-2021 முதல் அங்கே இல்லை. பழைய வலைப்பதிவுகளை நம்பிப் பலர் ரசீதைச் சேர்த்து வைத்து ஏமாறுகிறார்கள். குழந்தைகள் உடைக்கு முதலிலிருந்தே வரி கிடையாது, மகளுக்கு அங்கே வாங்குவது லாபம்.

கிழக்குலண்டன்:
ஞாயிறு காலமைக்கு ஒரு வழி சொல்லுறன். நீங்கள் தங்கிற இடத்துக்குக் கிட்ட எல்லாமே ஞாயிறுச் சந்தைதான். கொலம்பியா ரோட் பூச்சந்தை 8 மணிக்குத் தொடங்கி 2, 3 மணியோட முடியும். 10 மணிக்குப் பிறகு சரியான சனம், ஒடுக்கமான தெரு. அம்மாவோட எண்டால் 9 மணிக்கு முதல் போய் வந்திடுங்கோ. பிறகு பிரிக் லேன், அதுக்குப் பக்கத்தில ஸ்பிடல்ஃபீல்ட்ஸ். ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் கூரை போட்டது, மழை வந்தாலும் பயமில்லை, இருக்கவும் இடமிருக்கு.

12 மணிக்கு லிவர்பூல் ஸ்ட்ரீட்டில எலிசபெத் லைன் ரயில் எடுங்கோ, இரண்டாவது நிறுத்தம் டொட்டன்ஹாம் கோர்ட் ரோட், ஆக்ஸ்போர்ட் ஸ்ட்ரீட் அங்கதான் தொடங்குது. ரெண்டு பக்கமும் லிஃப்ட் இருக்கு. ஆக்ஸ்போர்ட் சர்க்கஸில இறங்க வேண்டாம். கிறிஸ்மஸுக்கு முந்தின வார இறுதியில கூட்டம் கூடினால் அந்த ஸ்டேஷன் வாசலையே கொஞ்ச நேரம் அடைச்சுப் போடுவினம். அங்க படியும் கனக்க. மேற்கு நோக்கி நடந்து பொண்ட் ஸ்ட்ரீட்டில எலிசபெத் லைன் ஏறித் திரும்பலாம். 4 மணிக்கு முதலே இருட்டிவிடும், ரீஜன்ட் ஸ்ட்ரீட் விளக்குகளை அந்தக் கையோட பாருங்கோ.

கோயிலுக்குப் போற எண்ணம் இருந்தால் அதே லைனில மேனர் பார்க். முருகன் கோயில் அங்க நடந்து போற தூரம். ஈஸ்ட் ஹாம் தோசைக்கடைகளுக்கு பஸ் பிடிக்கலாம்.

மயிலைக்குளம்:
நல்லவேளை கேட்டேன். டியூப், பஸ் கட்டணத்துக்கு நால்வருக்கும் ஒரே வங்கிக் கார்டைத் தட்டினால் போதுமா? குளிருக்குத் தடித்த கோட் ஒன்று வாங்கினால் சமாளிக்கலாமா?

ஸ்வெட்டர்மூட்டை:
ஒரே கார்டு செல்லாது. பெரியவர் ஒவ்வொருவருக்கும் தனி கார்டு வேண்டும். ஏறும்போது கார்டு, இறங்கும்போது அதே கார்டு உள்ள போன் என்று மாற்றித் தட்டினால் இரண்டும் வேறு வேறாகக் கணக்காகி, முடிவு பெறாத இரண்டு பயணம் என்று அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், காசு வாங்க மாட்டார்கள். மகளுக்கு 11 வயது ஆகாததால் உங்களோடு டியூப், பஸ் இலவசம். அகலமான கேட் வழியே கூட்டிப் போங்கள்.

தடித்த கோட் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். வெளியே 3, 4 டிகிரி வரைகூட இறங்கும். கடைக்குள்ளும் டியூபிலும் வியர்க்கும். தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று கழற்றி மாட்டும்படி அடுக்குங்கள். ஜீன்ஸ் நனைந்தால் லேசில் காயாது. குடையைக் காற்று திருப்பிவிடும், தலைமூடியுள்ள ஜாக்கெட்டே மேல். கோட்டுக்குச் செலவழிப்பதைவிட நீர் புகாத ஷூவுக்குச் செலவழியுங்கள், ஈரக்கால்தான் பாதி நாளைக் கெடுக்கும்.

தேம்ஸ்கரை:
ஒன்று விட்டுப்போனது. கிறிஸ்துமஸ் வாரத்தில் தண்டவாள வேலைக்காகப் பெரிய ஸ்டேஷன்களையே மூடுவதுண்டு. 28ஆம் தேதி ஏர்போர்ட் ரயில் ஓடுகிறதா என்று முன்பே பார்த்துவிட்டு, இல்லையென்றால் கோச் (தொலைதூர பஸ்) டிக்கெட் எடுத்து வையுங்கள்.