இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் பின்னால் அமரும் அம்மாவுக்கு மலைப்பாதையில் அலுப்புக் குறைய என்ன செய்யலாம்?

கேள்வி: சூரமங்கலத்திலிருந்து

வணக்கம். போலியோவால் வலது கால் பாதிக்கப்பட்ட நான், பின்சக்கரத்துக்கு இருபுறமும் இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய 110 சிசி ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். அக்காவை ஏற்காட்டை அடுத்த நாகலூரில் கட்டிக்கொடுத்திருப்பதால், அம்மாவை அடிக்கடி மலைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. சேலத்துக்குள் ஓட்டும்போது அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் இடுப்பும் முதுகும் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் என் தோளை இறுகப் பற்றிக்கொண்டு வருகிறார். தடித்த மெத்தை வைத்துத் தைத்தால் சரியாகிவிடும் என்று சீட் கடையில் சொல்கிறார்கள். அதைச் செய்யலாமா, வேறு வழி உண்டா?

பதில் 1: செவ்வாய்ப்பேட்டை, பட்டறை வைத்திருப்பவர்

மெத்தையை உயர்த்த வேண்டாம், ஐயா. இரு சக்கர வண்டி வளைவில் உள்பக்கம் சாய்வதால், பின்னால் இருப்பவரின் எடை இருக்கையை நோக்கியே இறங்கும். இணைப்புச் சக்கரம் உள்ள வண்டி அப்படிச் சாயாது. அதே வளைவில் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும், அந்தத் தள்ளலை அம்மா தம் இடுப்பாலும் கையாலும்தான் தாங்கியாக வேண்டும். அவர் உங்கள் தோளைப் பற்றுவதற்குக் காரணம் பயம் மட்டுமன்று, பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாததும்தான். உயரமான, அமுங்கும் மெத்தையில் இந்த ஆட்டம் இன்னும் கூடும்.

சற்றுக் கெட்டியான ஃபோமில், இரண்டு ஓரங்களும் இலேசாக எழும்பி நிற்குமாறு தைக்கச் சொல்லுங்கள். இருக்கையின் இருபுறமும் இடுப்பு உயரத்தில் கம்பிப் பிடி வேண்டும். முதுகுச் சாய்வு இடுப்புக்குச் சற்று மேல் வரை இருந்தால் போதும். இவற்றுக்கெல்லாம் முன்பு கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். சில வண்டிகளில் இணைப்புச் சக்கரத்தின் மட்கார்டு மறைத்துக்கொள்வதால் பின்னால் அமர்பவர் பாதத்தை முழுதாக ஊன்ற முடிவதில்லை. அம்மாவை உட்காரவைத்துப் பாருங்கள்: முட்டி இடுப்பைவிட மேலே தூக்கி நின்றால் எடை முழுவதும் வால் எலும்பில் இறங்குகிறது என்று பொருள், கால் தொங்கினால் தொடையின் அடிப்பகுதி அழுந்தி மரத்துப்போகும். பாதம் முழுதும் பதியும் அகலமான தகடு ஒன்றைச் சரியான உயரத்தில் பொருத்தினால், குழியில் இறங்கும்போது அவரே காலை ஊன்றி உடம்பைச் சற்றுத் தூக்கிக்கொள்ள முடியும்.

பதில் 2: ஏற்காடு, ஒண்டிக்கடை

தம்பி, இதே மாதிரி வண்டியில் என் கணவருக்குப் பின்னால் அமர்ந்து போகிறவள் நான். அம்மா சேலை கட்டி ஒருபக்கமாக அமர்கிறாரா என்று நீங்கள் சொல்லவில்லை. இடப்பக்கம் முகம் வைத்து அமர்பவரை வலது வளைவு முன்னால் தள்ளும், இடது வளைவு மல்லாக்கத் தள்ளும். பிரேக் பிடித்தால் பக்கவாட்டில் சறுக்கும். எந்த மெத்தையும் அதற்கு மருந்தாகாது. மலைக்கு வரும் நாளிலாவது சுடிதார் அணிந்து இருபுறமும் கால் போட்டு அமரச் சொல்லுங்கள். சேலையோ சால்வையோ, முனை தொங்காமல் செருகியிருக்க வேண்டும். பக்கத்திலேயே சக்கரம் சுற்றுகிறது.

ஓட்டுபவர் கையிலும் பாதி இருக்கிறது. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவருக்கு ஒரே நேரத்தில் முன்னாலும் பக்கத்திலும் இழுக்கும். நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்து, வளைவு முழுவதும் ஒரே சீராகப் போங்கள். என் கணவர் வளைவுக்கு முன்னால் “வலது”, “இடது” என்று ஒரு சொல் சொல்லிவிடுவார். எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மா ஒருபக்கமாகத்தான் அமர்கிறார், அக்கா, இன்றே பேசுகிறேன். முதுகுச் சாய்வோடு சேர்ந்த பெரிய பெட்டி ஒன்றைப் பின்னால் வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1-இன் தொடர்ச்சி:

பெட்டி வேண்டாம், ஐயா. பின் அச்சுக்கு அப்பால் எடை கூடினால், ஏற்றத்தில் முன்சக்கரம் இலேசாகி ஹேண்டில் மிதக்கும். சாய்வுக் கம்பி அச்சுக்கு முன்னாலேயே அம்மாவை நிறுத்த வேண்டும். சாமான் காலடியில் இருக்கட்டும்.

இணைப்புச் சக்கரங்களின் உயரத்தையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். அவை தாழ்ந்திருந்தால் நடுச் சக்கரம் தரையில் அழுந்தாமல் வழுக்கும். உயர்ந்திருந்தால் வண்டி இருபுறமும் ஆடும். அவற்றின் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தாலோ, டயரில் காற்று அதிகமாக இருந்தாலோ, ஒவ்வொரு கல்லும் அம்மாவின் முதுகில்தான் போய் முட்டும். இரண்டு பக்கமும் காற்று ஒரே அளவில் இருக்க வேண்டும். சக்கரங்கள் பொருத்திய சட்டத்தையே மாற்றும்படி யாராவது சொன்னால், 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அம்மாவையும் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். அவர் உட்கார்ந்திருக்கும்போதுதான் கால் தகட்டின் உயரத்தை அளக்க முடியும்.