ஜேடிபிசி 4.0, 4.1, 4.2: பழைய ஜாவா நிரலை மாற்றும்போது எங்கே இடறும்?

ஜாவா நிரல்கள் டேட்டாபேஸோடு பேசும் வழிதான் ஜேடிபிசி. ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் அதற்குரிய டிரைவர் என்ற லைப்ரரி வேண்டும். 4.0 ஜாவா 6-உடன் வந்தது. அதற்கு மாறியதும் எல்லோரும் முதலில் அழிக்கும் வரி, டிரைவரைப் பெயர் சொல்லி ஏற்றும் கிளாஸ்.ஃபார்நேம். டிரைவர் ஜாரில் மெட்டா-இன்ஃப்/சர்வீசஸ் ஃபோல்டருக்குள் ஜாவா.எஸ்க்யூஎல்.டிரைவர் என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கும். அதிலுள்ள கிளாஸை டிரைவர்மேனேஜர் தானே ஏற்றிக்கொள்ளும்.

வரியை எடுத்தபின் "நோ சூட்டபிள் டிரைவர்" என்று வந்தால், முதலில் ஃபேட் ஜாரை, அதாவது எல்லா லைப்ரரிகளையும் ஒன்றாகக் கட்டிய ஜாரை, சந்தேகப்படுங்கள். இரண்டு டிரைவர்கள் இருந்தால் இரண்டிலும் அந்த ஃபைலின் பெயர் ஒன்றுதான். ஒன்று மற்றதை அழித்துவிடும். அந்த ஜாரைக் கட்டும் மேவன் ஷேட் ப்ளகினில் சர்வீசஸ்ரிசோர்ஸ்டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்தால் இரண்டும் ஒரே ஃபைலாகச் சேரும்.

அடுத்தது டாம்கேட், ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் சர்வர். டிரைவர்மேனேஜர் ஜேவிஎம்-க்கு ஒரே ஒரு தடவைதான் தேடும். ஆப்பின் வெப்-இன்ஃப்/லிப்-இல் கிடக்கும் ஜார் அந்தத் தேடலில் சிக்காது. ஜாரை டாம்கேட்டின் லிப் ஃபோல்டருக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அழித்த வரியைத் திரும்பப் போடுங்கள். அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

*

இதோடு ஈஸ்வேலிட் மெத்தடையும் சேர்க்க வேண்டும். கனெக்ஷன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க "செலக்ட் 1" அனுப்பும் வேலை 4.0-இல் இல்லாமல் போனது. ஆனால் அந்த மெத்தடை அறிவிக்கும் இன்டர்ஃபேஸ் ஜாவாவின் ஜேடிகே-இலேயே இருப்பதால், டிரைவர் எவ்வளவு பழையதானாலும் நிரல் கம்பைல் ஆகிவிடும். ஓடும்போதுதான் அப்ஸ்ட்ராக்ட்மெத்தட்எரர் விழும். அது எரர், எக்செப்ஷன் அல்ல. எஸ்க்யூஎல்எக்செப்ஷனுக்கு வைத்த கேட்சில் மாட்டாது. டிரைவரைப் புதுப்பிக்க வழியில்லாவிட்டால், கனெக்ஷன்களைத் திறந்து சேர்த்து வைக்கும் பூலான ஹிகாரி-இல் கனெக்ஷன்டெஸ்ட்குவெரியைக் கொடுத்துச் சமாளிக்கலாம்.

அலகுகளிலும் கவனம். ஈஸ்வேலிட், செட்குவெரிடைம்அவுட் இரண்டுக்கும் விநாடி. 4.1-இல் வந்த செட்நெட்வொர்க்டைம்அவுட்டுக்கு மில்லிவிநாடி. அதில் 30 என்று போட்டால், 30 மில்லிவிநாடிக்குள் பதில் வராத குவெரியெல்லாம் அறுந்து விழும்.

*

எக்செப்ஷன் வகைகளை நம்பி மறுமுயற்சி லாஜிக் எழுதுகிறவர்களுக்கு: 4.0 தனித்தனி கிளாஸ்களைத் தந்தது, எல்லா டிரைவரும் அவற்றை வீசுவதில்லை. மைஎஸ்க்யூஎல் டிரைவர் எஸ்க்யூஎல்இன்டெக்ரிட்டிகன்ஸ்ட்ரெயின்ட்வயலேஷன்எக்செப்ஷனைத் தரும். போஸ்ட்கிரெஸ் டிரைவரோ கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பிஎஸ்க்யூஎல்எக்செப்ஷன் ஒன்றையே தரும். அங்கே கெட்எஸ்க்யூஎல்ஸ்டேட் தரும் பிழைக் குறியீடுதான் கதி: 23505 என்றால் யுனீக் மீறல், 40001 சீரியலைசேஷன் தோல்வி, 40பி01 டெட்லாக். பின்னிரண்டுக்கு மட்டும், அதுவும் முழு டிரான்சாக்ஷனையும் முதலிலிருந்து ஓட்டுங்கள். கடைசி ஸ்டேட்மென்டை மட்டும் திரும்ப அனுப்பிப் பயனில்லை.

*

ட்ரை-வித்-ரிசோர்சஸ் என்பது, திறந்ததை வேலை முடிந்ததும் தானே மூடும் ஜாவா அமைப்பு. 4.1-இலிருந்து கனெக்ஷன்களுக்கும் பயன்படும் அதில் இரண்டு ஓட்டைகள்.

கெட்கனெக்ஷனையும் ப்ரிப்பேர்ஸ்டேட்மென்டையும் புள்ளி வைத்து ஒரே வரியில் கோத்தால் ஸ்டேட்மென்ட் மட்டும் மூடும், கனெக்ஷன் மூடாது. பூல் மெதுவாகக் காலியாகும். ஒவ்வொன்றுக்கும் தனி வேரியபிள் வையுங்கள்.

இரண்டாவது, கேட்ச் ஓடும் முன்பே கனெக்ஷன் மூடிவிடும். எழுதியதைத் திரும்பப் பெறும் ரோல்பேக்கை உள்ளே இன்னொரு ட்ரை வைத்துத்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு ஸ்டேட்மென்டையும் உடனே உறுதி செய்யும் ஆட்டோகமிட்டை அணைத்துவிட்டு ரோல்பேக் இல்லாமல் மூடினால் என்ன ஆகும் என்பது டிரைவரைப் பொறுத்தது. ஆரக்கிள் டிரைவர் சத்தமில்லாமல் கமிட் செய்துவிடும்! பாதி எழுதிய தரவு அப்படித்தான் டேபிளில் தங்கிப்போகிறது.

*

4.2-க்கு, அதாவது ஜாவா 8-க்கு, வந்துவிட்டால் கெட்டைம்ஸ்டாம்பை விட்டுவிடுங்கள். அது ஜேவிஎம்-இன் டைம்ஸோனைக் கலந்துவிடும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாளில், இல்லாமல் போன அந்த மணிக்குரிய மதிப்பு நகர்ந்துவிடும். கெட்ஆப்ஜெக்டில் லோக்கல்டேட்டைம் கிளாஸைக் கொடுத்து வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. போஸ்ட்கிரெஸின் டைம்ஸ்டாம்ப்-வித்-டைம்ஸோன் நெடுவரிசைக்கு ஆஃப்செட்டேட்டைம் கேளுங்கள். திரும்பி வருவது யுடிசி-யில் இருக்கும், நீங்கள் கொடுத்த ஆஃப்செட் (யுடிசி-யோடு உள்ள நேர வித்தியாசம்) எங்கும் சேமிக்கப்படுவதில்லை. அது தேவையென்றால் தனி நெடுவரிசை போட வேண்டியதுதான்.