ப்ராஜெக்ட் அட்மின் வேலைக்கு மாற வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நான் பி.காம். படித்தவள். சென்னையில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் சைட் ஆபீஸில் இருக்கிறேன். பதவி ஆபீஸ் அசிஸ்டென்ட். ஆனால் டிராயிங்கில் புது ரிவிஷன் வந்தால் ரெஜிஸ்டரில் ஏற்றிப் பழைய பிரதிகளைத் திரும்ப வாங்குவது, வாராந்திர மீட்டிங்கில் மினிட்ஸ் எழுதி, ஒப்புக்கொண்ட வேலையை அந்தந்தத் தேதிக்குள் முடிக்கச் சொல்லி விரட்டுவது, சப் கான்ட்ராக்டர்களின் ஆர்.ஏ. பில்லுக்கு (வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகப் போடும் பில்) வேண்டிய பேப்பர்களைச் சேர்ப்பது எல்லாம் நான்தான். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. பழைய டிராயிங்கைப் பார்த்துச் சுவர் எழுப்பிவிட்டால் இடிக்கத்தான் வேண்டும். அதைத் தடுப்பது ஒழுங்கான ரெஜிஸ்டர். இதையே தொழிலாக்கி ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் ஆக ஆசை.

பி.எம்.ஐ. (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்) நடத்தும் சி.ஏ.பி.எம். என்ற ஆரம்பநிலைச் சான்றிதழ் தேர்வுக்கு வேலை அனுபவம் கேட்பதில்லை. பள்ளிப் படிப்பும் 23 மணி நேர ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பயிற்சியும் போதும். அவர்களின் மேல்நிலைச் சான்றிதழான பி.எம்.பி.க்கு ப்ராஜெக்ட்டை முன்னின்று நடத்திய அனுபவம் வேண்டும், அது அப்புறம்.

சி.ஏ.பி.எம்.முக்குக் கட்டும் பணத்தில் முதலில் ப்ரைமவேரா என்ற ப்ராஜெக்ட் பிளானிங் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்ளலாமா? பிளானிங் தெரியாமல் சாஃப்ட்வேர் மட்டும் கற்பதில் பெரிய பயன் இருக்காது என்பது என் எண்ணம். ஆனால் ஆள் எடுப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? சிவில் படிக்காதவர்களை நேராக கோஆர்டினேட்டராக எடுப்பார்களா, இல்லை டிராயிங், பேப்பர்களைப் பராமரிக்கும் டாக்குமென்ட் கன்ட்ரோலராக இருந்துதான் மேலே போக வேண்டுமா?

இந்தத் துறையில் இருக்கும் அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள். என் ரெஸ்யூமேயைப் பார்த்துத் திருத்தித் தர யாருக்காவது நேரம் இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.