மறைந்த பள்ளித் தோழரின் பெயரில் பரிசு வைப்பது பொருத்தமா?

கேள்வி (அம்மாப்பேட்டை, சேலம்):
அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஓர் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் எங்களோடு படித்த நண்பர் ஒருவர் அண்மையில் காலமானார். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்தவர். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பே நாங்கள் படிப்பை முடித்துவிட்டோம். ராசிபுரம் பக்கத்து மாணவர்களும் மலையிலிருந்து வந்தவர்களும் ஒரே விடுதியில் தங்கிப் படித்த காலம் அது. இன்று ஆளுக்கொரு ஊரில் இருப்பதால், கருமாதி முடிந்த பிறகுதான் பலருக்குச் செய்தியே எட்டியது.

வாட்ஸ்அப் குழுவில் சிலர் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்கிறார்கள். வேறு சிலர், பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் பெறுபவருக்கு அவர் பெயரில் பரிசு வழங்க வேண்டும் என்கிறார்கள். என் தயக்கம் பரிசைப் பற்றியது. அவர் பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறி, அக்டோபரில் மீண்டும் எழுதித் தேறி, எங்களுக்கு அடுத்த செட்டோடு மேல்நிலையில் சேர்ந்தவர். விடுமுறை முடிந்து மலையிறங்கும்போது கோணிப்பை நிறையக் கமலா ஆரஞ்சு கொண்டுவந்து, யாருக்குக் கிடைக்கவில்லை என்று தேடித் தேடிக் கொடுப்பார். கணக்கில் தவறியவர் பிற்காலத்தில் நாள்தோறும் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) எழுதிக் கூலிக் கணக்குப் பார்த்தார் என்பதை இப்போது யாராவது சொன்னால், முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருப்பார். அப்படிப்பட்டவர் பெயரில் முதல் மதிப்பெண் பரிசு பொருந்துமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆத்தூர்):
பொருந்தாது என்பதே என் கருத்து. முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்குப் பரிசு கொடுக்க எல்லாப் பள்ளியிலும் நாலு பேர் இருக்கிறார்கள். தவறிய பாடத்தைத் துணைத் தேர்வில் எழுதித் தேறி, மீண்டும் பள்ளிக்கே படிக்க வரும் பிள்ளையை மேடையில் ஏற்றுவார் எவருமில்லை. உங்கள் நண்பர் பெயரை அங்கே வையுங்கள்.

பணத்தைத் தலைமையாசிரியர் கையில் ரொக்கமாகத் தர வேண்டாம். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தின் வழியாக முன்னாள் மாணவர்கள் தாம் படித்த அரசுப் பள்ளிக்கே உதவ முடியும். பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கலந்து பேசுங்கள். வைப்புத்தொகையின் வட்டியில் பரிசு வழங்குவதானால் கணக்கை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்: 25,000 ரூபாய்க்கு ஏழு விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 1,750 ரூபாய்தான்.

பதில் 2 (நாகலூர், ஏற்காடு):
பரிசைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் நண்பரின் மனைவிக்கு வர வேண்டிய பணமெல்லாம் வந்துவிட்டதா என்று யாராவது கேட்டீர்களா? நண்பர் வருங்கால வைப்பு நிதியில் உறுப்பினராக இருந்திருந்தால், சேர்ந்த தொகைக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்குப் படிவம் 10டி, காப்பீட்டுக்குப் படிவம் 5ஐஎஃப் என்று மூன்றையும் விடாமல் கேட்க வேண்டும். பணியில் இருக்கும்போதே இறந்தவரின் குடும்பத்துக்கு அந்தக் காப்பீட்டில் ஏழு லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழியுண்டு. இது தெரியாமலே விட்டுவிடும் வீடுகள் இங்கே இருக்கின்றன. பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்தாண்டுப் பணி வேண்டும் என்பார்கள், ஆனால் இறப்பினால் பணி முடிந்தால் அந்த நிபந்தனை கிடையாது. சேலத்திலேயே வைப்பு நிதி அலுவலகம் இருக்கிறது. கீழே இருப்பவர்களில் ஒருவர் துணைக்குப் போனால், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பலமுறை ஏறி இறங்கும் அலைச்சல் அவர்களுக்குக் குறையும்.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போங்கள். காப்பிப் பழம் எடுக்கும் பருவமென்றால், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, மற்ற நாட்களில் மாலை வரை வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். நாலைந்து காரில் கூட்டமாக இறங்காதீர்கள்; அத்தனை பேருக்கும் காப்பி போட்டுக் கொடுப்பதே அந்த வீட்டுக்குப் பாரமாகிவிடும்.

பதில் 3 (செவ்வாய்ப்பேட்டை, சேலம்):
என் தந்தை நான் கல்லூரியில் படிக்கும்போது இறந்தார். அவரோடு படித்தவர்கள் வந்து தந்த மாலையும் பணமும் இப்போது நினைவில் இல்லை. ஒருவர் மட்டும், அப்பா வகுப்பைக் கட் அடித்துவிட்டு மேட்டூர் அணை பார்க்கச் சைக்கிளில் போய்ப் பிடிபட்ட கதையைச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்த அப்பா அப்படிப்பட்ட ஆளே அல்லர். ஆகவே கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி, அதை உங்கள் நண்பரின் பிள்ளைகளிடம் கொடுங்கள். அக்டோபர்த் தேர்வையும் மறைக்காமல் எழுதுங்கள். முகநூலில் போடுவதானால் வீட்டாரின் சம்மதம் வேண்டும். ஃபிளெக்ஸ் தேவையில்லை, ஒரு வாரம் வெயிலில் வெளுத்துக் கிடந்து பிறகு யார் வீட்டுக் கூரைக்கோ போய்விடும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நாகலூர் நண்பர் சொன்னதை எங்களில் எவரும் யோசித்திருக்கவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் வகுப்புத் தோழர் ஒருவர் படிவங்களைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் மட்டும் மேலே போகிறோம். துணைத் தேர்வுப் பரிசுக்கு மறைந்த நண்பரின் மனைவி சம்மதித்தால்தான் பள்ளியில் பேசுவோம். ஃபிளெக்ஸுக்காகச் சேர்ந்த பணத்தைக் கொடுத்தவர்களிடம், அதை வேறு செலவுக்கு எடுக்கலாமா என்று இன்றே கேட்டுவிடுகிறேன்.