தேர்வே நடக்காத பிளஸ் டூ: 2021 பேட்ச் பெற்றோரின் அனுபவப் பகிர்வு

தமிழ்நாட்டில் 2021-இல் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோர் அனுபவங்களை ஓரிடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. கொரோனாவால் பொதுத்தேர்வு உண்டா இல்லையா என்று மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் எழுதாத தேர்வின் மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு விண்ணப்பித்த பிள்ளைகள் அவர்கள். நானே தொடங்குகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மா

என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் கணிதம்–உயிரியல் பிரிவில் படித்தாள். பத்தாம் வகுப்புத் தேர்வு 2019 மார்ச்சில். அந்த மாதம் முழுக்க அவளுக்கு டைபாய்டு. காய்ச்சலோடு போய் எழுதினாள். சிறந்த மூன்று பாடங்களின் சராசரியே 78-தான் வந்தது. "போகட்டும், பிளஸ் டூவில் பார்த்துக்கொள்ளலாம்" என்று எல்லோருமே சொன்னோம். அவள் அதை அப்படியே நம்பிப் படித்தவள். பள்ளிகள் 2021 ஜனவரி 19 அன்று திறந்தபோது, அதுவரை செல்போன் திரையில் படித்ததையெல்லாம் முதலிலிருந்து எழுதிப் பார்க்க ஆரம்பித்தாள்.

மே 3-இல் தொடங்கவேண்டிய தேர்வு ஏப்ரலில் தள்ளிவைக்கப்பட்டது. செய்முறைத் தேர்வு மட்டும் நடந்தது. தள்ளிவைத்த தேர்வுக்குப் படிப்பது எவ்வளவு கொடுமை என்பதை அப்போதுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தேதி இருந்தால் பிள்ளை படித்துவிடும். தேதி இல்லாமல் எத்தனை முறை திருப்புதல் செய்வது? பக்கத்துத் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம், செய்தியில் ஆக்சிஜன் தட்டுப்பாடு, மேஜை மேல் இயற்பியல் புத்தகம். படி என்று சொல்லவும் வாய் வரவில்லை, படிக்காதே என்று சொல்லவும் முடியவில்லை.

ஜூன் 5 அன்று முதல்வர் தேர்வை ரத்து செய்தார். பயம் விலகியது உண்மை. அந்தச் சமயத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகளை ஒரே நேரத்தில் தேர்வறைக்கு அனுப்பாதது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஜூன் கடைசியில் மதிப்பெண் கணக்கிடும் முறை வந்ததே, அதுதான் எங்கள் வீட்டை உலுக்கியது. பத்தாம் வகுப்பில் சிறந்த மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 30.

நோட்டை எடுத்துவைத்து அவளே கணக்குப் போட்டாள். 78-இல் பாதி 39. பிளஸ் ஒன்னில் முழு மதிப்பெண், செய்முறையில் முழு மதிப்பெண் என்று வைத்தாலும் 89-தான். எந்தப் பாடத்திலும் அதற்கு மேல் போகவே முடியாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கூட்டும் பொறியியல் கட்-ஆஃப்பில், 200-க்கு 178-தான் அவளுக்கு உச்சவரம்பு. "பத்தாவதுல நான் காய்ச்சல்ல கிடந்தேன்ல, அதுதான் இப்ப பாதி மார்க்காம்மா?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

அவள் அப்பா அன்றைக்குச் செய்த ஒன்றைச் சொல்லவேண்டும். 'மார்க்கெல்லாம் ஒன்றுமில்லை' என்று அவர் ஆறுதல் சொல்லவில்லை. "இது உனக்கு நடந்த அநியாயம்தான். நீ படிச்சது எங்களுக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அவள் எங்களோடு உட்கார்ந்து அடுத்ததைப் பேசத் தயாரானாள்.

அடுத்தது என்றால், ஆகஸ்ட் தேர்வு. மதிப்பெண் போதாது என்று நினைப்பவர்கள் அதை எழுதலாம், ஆனால் எழுதினால் அதில் வரும் மதிப்பெண்தான் இறுதி. குறைந்துவிட்டால் பழையதற்குத் திரும்ப வழி கிடையாது. நான் எழுதச் சொன்னேன், அவர் வேண்டாமென்றார். இருவரும் எங்கள் காரணங்களைச் சொல்லிவிட்டு முடிவை அவளிடம் விட்டோம். அவள் எழுதவில்லை. "திரும்பவும் தள்ளிப்போட்டா என்னால தாங்க முடியாதும்மா" என்றாள். அந்தக் காரணம் எங்கள் இருவரின் பட்டியலிலும் இல்லை.

கவுன்சலிங்கில் கல்லூரி வரிசையைப் போடுகிறபோது, முந்தைய ஆண்டின் கட்-ஆஃப்பை வைத்துக்கொண்டு வீட்டில் பெரிய சண்டை. 2021-இல் மதிப்பெண் வந்த விதமே வேறு என்பதால் அந்த ஒப்பீடு பயன்படவில்லை. ரேங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, இதே ரேங்கிற்குப் போன ஆண்டு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு கிடைத்தது என்று பார்த்தோம். கொஞ்சம் தெளிவு வந்தது. சிவில் எடுத்தாள், அவளுக்குப் பிடித்த பிரிவு. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காததற்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களை நான் வாசலிலேயே பேசி அனுப்பினேன்.

திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஓர் அப்பா

எங்கள் கதை நீட். பையன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தபோதுதான் மருத்துவம் என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் புழங்க ஆரம்பித்தது.

2021 நீட் தேர்வை ஆகஸ்ட் 1 என்றார்கள், செப்டம்பர் 12 ஆனது. எழுதிவிட்டு வந்தான். மறுநாளே சட்டமன்றத்தில் நீட் விலக்கு மசோதா நிறைவேறியது. டிவியைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் நேத்து எழுதினது செல்லுமா செல்லாதாப்பா?" என்று கேட்டான். பதினேழு வயசுப் பையனுக்கு என்ன சொல்வது? மசோதாவுக்கு ஆளுநர், குடியரசுத் தலைவர் ஒப்புதலெல்லாம் இருக்கிறது, இந்த வருஷம் நீ எழுதியதுதான் செல்லும் என்று பள்ளி ஆசிரியரைக் கேட்டுவந்து சொன்னேன். தெரிந்தவரிடம் கேட்டு உறுதியாக ஒரு பதில் கொண்டுவந்து கொடுத்ததுதான் அந்த வருஷம் நான் செய்த பெரிய உதவி என்று நினைக்கிறேன்.

நவம்பர் 1-இல் முடிவு வந்தது. கலந்தாய்வோ 2022 ஜனவரிக் கடைசிக்குத்தான். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்தால் பையன் உடைந்துபோவான் என்று அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்த்துவிட்டோம். சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முன்பே மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் நல்ல பிரதியாக எடுத்துச் சான்றொப்பம் வாங்கிவைத்தோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தனியாக வாங்கவேண்டும். நடுவில் பள்ளி மாறிய பிள்ளைகளின் பெற்றோர் அதற்கு அலைந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்று. விண்ணப்பத்தை நாங்கள் ஒரு பிரவுசிங் சென்டரில்தான் போட்டோம். கைபேசி எண் என்று இருக்கிற இடத்தில் அவர்கள் தங்கள் எண்ணைப் போட்டுவிட்டார்கள். ஓடிபி எல்லாம் அங்கேயே போனது, கடை மூடியிருந்த நாளில் உள்ளே நுழையவே முடியவில்லை. உங்கள் எண்ணையும் உங்கள் மின்னஞ்சலையும்தான் போடச் சொல்லுங்கள், கடவுச்சொல்லை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இடம் கிடைக்கவில்லை. இன்னொரு வருஷம் எழுதுகிறாயா என்று ஒருமுறை கேட்டேன். வேதியியல் பிடிச்சிருக்குப்பா என்றான். சரி என்றேன். எம்.எஸ்சி.யும் அதிலேயே படித்தான்.

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை

நான் பிளஸ் டூ ஆசிரியை, என் மகளும் அதே பேட்ச். அவள் சிபிஎஸ்இ. அங்கே கணக்கு வேறு: பத்தாம் வகுப்புக்கு 30, பதினொன்றுக்கு 30, பன்னிரண்டின் பள்ளித் தேர்வுகளுக்கு 40. மாநிலப் பாடத்திட்டத்துக்கு ஜூலை 19-இலேயே முடிவு வந்துவிட்டது. என் மாணவர்கள் மதிப்பெண்ணைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது என் வீட்டில் ஜூலை 30 வரை காத்திருப்பு.

மேலே எழுதிய தஞ்சாவூர் அம்மாவுக்கு ஒரு விஷயம் சேர்க்கிறேன். பிளஸ் ஒன்னுக்கு 20 சதவீதம் என்றதும் அதிர்ந்த மாணவர்கள் ஏராளம். 2018-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது, ஆனால் உயர்கல்விக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று சீக்கிரமே சொல்லிவிட்டார்கள். அதனால் பல பிள்ளைகள் பிளஸ் ஒன்னை மெதுவாகத்தான் படித்தார்கள். எங்களில் பலரும் அப்படித்தான் நடத்தினோம். ஓட்டம் முடிந்த பிறகு எல்லைக்கோட்டை மாற்றிப் போட்டதுபோல ஆனது அவர்களுக்கு.

ஆனால் அதைவிட என்னை வருத்தியது, அந்தப் பிள்ளைகளுக்கு ஊர் வைத்த பெயர். 'கொரோனா பேட்ச்', 'ஆல் பாஸ் பேட்ச்'. ஒரு கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் என் மகளைப் பார்த்து, "உங்களுக்கென்னம்மா, எழுதாமலே பாஸ்" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முன்னாலேயே அவரிடம் சொன்னேன்: "ஐயா, இவ ரெண்டு வருஷம் படிச்சா. எழுத விடாதது இவ தப்பில்லை." வயதில் பெரியவரிடம் அப்படிப் பேசலாமா என்று அப்புறம் என் மாமியார்கூடக் கேட்டார். பிள்ளைக்காகப் பேசவேண்டிய இடத்தில் பேசித்தான் ஆகவேண்டும்.

அந்த பேட்ச் மாணவி ஒருத்தி

பெற்றோர் பகிரும் இடத்தில் எழுதலாமா தெரியவில்லை. அரசுப் பள்ளியில் படித்தவள் நான். 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 ஆகஸ்ட் கடைசியில்தான் பொறியியலுக்கும் வந்தது. கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவித்ததை அம்மா ரேடியோவில் கேட்டுவிட்டு ஓடிவந்து சொன்னது நினைவிருக்கிறது. அதற்கு முன்பு விண்ணப்பம் போட்ட சமயத்தில் பி.ஏ.வுக்கு மட்டும்தான் போடுவதாக இருந்தேன், பொறியியலுக்கும் போட்டு வைக்கச் சொன்னது அம்மாதான். அம்மாவுக்கு கட்-ஆஃப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நான் எழுதிவைத்த தேதிகளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றையும் முந்தின நாளே ஞாபகப்படுத்துவார். எந்த மார்க்கையும் யாருடைய மார்க்கோடும் ஒப்பிட்டுப் பேசியதே இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது பிளஸ் டூ படிக்கும் பையனின் அம்மா

இதையெல்லாம் படித்தபிறகு கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. இப்போது தேர்வு ஒழுங்காக நடக்கிறது, ஆனாலும் என் மகனுக்கு மார்க் எப்படி வரும் என்று சொல்லவே முடியவில்லை. ஒரு தேர்வில் 90, அடுத்ததில் 60. எதை நம்பித் திட்டமிடுவது?

தஞ்சாவூர் அம்மா

இரண்டு எண்களுக்கும் திட்டம் போடுங்கள். 90 வந்தால் எங்கே, 60 வந்தால் எங்கே என்று இரண்டு பட்டியல். பையனே எழுதட்டும், 60-க்கான பட்டியலிலும் அவனுக்கு உண்மையிலேயே பிடித்த படிப்பு ஒன்றாவது இருக்கவேண்டும். அது இருந்தால் தேர்வு பயம் பாதி இறங்கிவிடும், எங்கள் இரண்டாவது பிள்ளைக்கு அப்படித்தான் இருந்தது. பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. கிடைக்காது என்று நினைப்பதையும் பிடித்திருந்தால் மேலே போடலாம், அதனால் கீழே இருப்பது பறிபோகாது.

மதிப்பெண் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்க வழி இருக்கிறது. விண்ணப்பிக்கக் கொஞ்ச நாள்தான் தருவார்கள், முடிவு வந்த அன்றே பள்ளியில் விசாரியுங்கள். சாதி, இருப்பிட, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை மே மாதத்தில் கூட்டம் அலைமோதுவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வருமானச் சான்றிதழ் பழையதாக இருந்தால் புதிதாக எடுங்கள். சான்றிதழில் இருக்கும் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள். இந்த வேலையெல்லாம் உங்களுடையது. பையனைப் படிக்க விடுங்கள், ராத்திரி தூங்க விடுங்கள். வேறு சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், தெரிந்தவர்கள் சொல்வோம்.